தரங்கம்பாடியின் பழைய கற்களும் பழைய மனிதர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரங்கம்பாடிக்கு வரப்போகிறவர்கள், வந்துவிட்டுப் போனவர்கள், இந்தப் பக்கத்திலேயே பிறந்து தினமும் கோட்டையைக் கடந்து போகிறவர்கள் என்று எல்லாரும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரை ‘டேனிஷ் கோட்டை இருக்கிற ஊர்’ என்று ஒரே வரியில் முடிப்பது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கோட்டை முக்கியம்தான். ஆனால் அதற்கு முன்னும் இங்கே ஊர் இருந்தது, கோட்டைக்காரர்கள் போன பிறகும் ஊர் இருக்கிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த நினைப்போடுதான் எழுதியவை.

ஊர் எங்கே இருக்கிறது? எப்படி வருவது?

மயிலாடுதுறை மாவட்டத்தில், காரைக்காலுக்கு வடக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டரில். பக்கத்து ஊர் பொறையார். மயிலாடுதுறையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பஸ் கிடைக்கும். ஒரு காலத்தில் மயிலாடுதுறையிலிருந்து இங்கே மீட்டர்கேஜ் ரயிலும் ஓடியது, 1980களில் அதை நிறுத்திவிட்டார்கள். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஊரில் இருப்பதிலேயே பழைய சின்னம் கோட்டைதானே?

இல்லை. கோட்டையிலிருந்து கடற்கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரன் காலத்தது, அதாவது 14ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கோட்டை எழும்பியது 1620இல், ஆக இந்தக் கோயில் அதைவிட முந்நூறு வருஷம் மூத்தது. இங்குள்ள கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. ‘பட்டினம்’ என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். வணிகம் நடந்த கடலோர ஊர்களைத்தான் அப்படிச் சொல்வார்கள். டேனியர்கள், அதாவது டென்மார்க்காரர்கள், வந்துதான் இது துறைமுகம் ஆனது என்று யாராவது சொன்னால் அவர்களைக் கையோடு இங்கே கூட்டிவந்து காட்டலாம்.

கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது நிற்பது முழுக்கோயில் இல்லை, மிச்சம். அலையைத் தடுக்கக் கொட்டிய பாறைகளின் நடுவே பழைய கட்டுமானத்தின் துண்டுகள் கிடக்கும், பார்த்தவுடன் மனசு கனத்துப்போகும். வருகிறவர்களில் நிறையப் பேர் கோட்டையைப் பார்த்துவிட்டு இங்கே எட்டிக்கூடப் பார்க்காமல் போகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், முடிந்தால் கோயிலிலிருந்தே ஆரம்பியுங்கள்.

டேனியர்கள் இங்கே எப்படி வந்தார்கள்?

அவர்கள் கிளம்பியது தரங்கம்பாடியைத் தேடி அல்ல. 1618இல் ஓவே கெட்டே என்ற இளம் தளபதியின் தலைமையில் கோபன்ஹேகனிலிருந்து கப்பல்கள் இலங்கையை நோக்கிப் புறப்பட்டன, கண்டி அரசனோடு உறவு வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில். அது சரிவரவில்லை. அதற்கிடையில் முன்னால் வந்த ஒரு கப்பலைக் காரைக்கால் பக்கம் போர்த்துகீசியர்கள் தாக்கி மூழ்கடித்தார்கள். அதில் உயிர் தப்பிய ரோலண்ட் கிராப்பே எப்படியோ தஞ்சை நாயக்கர் அரசவை வரை போய்ச் சேர்ந்தார். பேச்சு அங்கேதான் தொடங்கியது. 1620 நவம்பரில் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் ஆனது, கோட்டை கட்டவும் வணிகம் செய்யவும் இடம் கிடைத்தது.

டென்மார்க் அரசன் நான்காம் கிறிஸ்டியனுக்கு ரகுநாத நாயக்கர் தங்க ஏட்டில் தமிழில் ஒரு கடிதம் அனுப்பினார். அது இன்றும் கோபன்ஹேகனில் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. தெலுங்கைப் போற்றி வளர்த்த ஓர் அரசன், உலகத்தின் அந்தக் கோடியில் இருக்கும் இன்னோர் அரசனுக்குத் தமிழில் எழுதியிருக்கிறார். எனக்கு இந்த ஊரின் வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பொருள் அதுதான்.

பிறகு 200 வருஷம் ஜாம்ஜாமென்று வணிகம் நடந்ததா?

எங்கே நடந்தது. 1640களிலிருந்து 1669 வரை, ஏறக்குறைய கால் நூற்றாண்டு, டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. ஐரோப்பாவில் போர், இந்த வணிகத்தை நடத்திய டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் காசில்லை. இங்கிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்துபோனார்கள். கடைசியில் எஸ்கில் கோங்ஸ்பாக்கே என்பவர் மட்டும், உள்ளூர்க்காரர்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் காப்பாற்றினார். தஞ்சாவூர்ப் படையைத் தாக்குப்பிடிக்க ஊரைச் சுற்றி மதில் எழுப்பியதும் அந்தக் காலத்தில்தான். 1669இல் கப்பல் வந்து சேர்ந்தபோது கோட்டையில் டேனிஷ் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. அந்த வருஷங்களில் கோட்டைக்குச் சோறு போட்டது யார், மதிலுக்கு மண் சுமந்தது யார் என்று யோசித்துப் பாருங்கள். ஊர்க்காரர்கள் இல்லாமல் ஒரு மாசம்கூடத் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

நகர வாயிலின் மேலே இருக்கிற அந்தச் சின்னம் என்ன?

ஊருக்குள் நுழையும்போதே வருகிற வெள்ளை வாயில், 1792இல் ஆளுநர் பீட்டர் ஆங்கர் காலத்தில் திரும்பக் கட்டியது. பைக்கிலும் ஆட்டோவிலும் சட்டென்று உள்ளே போய்விடாமல் ஒரு நிமிஷம் இறங்கி அண்ணாந்து பாருங்கள். கிரீடத்துக்குக் கீழே ரோமன் எழுத்து ‘சி’, அதன் வயிற்றுக்குள் ஓர் எண் 7. ஏழாம் கிறிஸ்டியன் என்கிற அரசனின் முத்திரை அது. இதே மாதிரி இராஜ வீதியில் உள்ள புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பிலும் ஒரு கிரீட முத்திரையும் 1718 என்ற ஆண்டும் இருக்கும், அது நான்காம் பிரெடெரிக் உடையது. இந்த இரண்டையும் படிக்கத் தெரிந்துகொண்டால் போதும், எந்தக் கட்டடம் எந்தக் காலம் என்று பலகை இல்லாமலேயே சொல்லிவிடலாம். குழந்தைகளைக் கூட்டிவந்தால் முதலில் இதைத்தான் தேடச் சொல்ல வேண்டும்.

தமிழில் முதன்முதலாகப் புத்தகம் அச்சடித்தது இங்கேதான் என்கிறார்களே?

அப்படிச் சொல்வது தவறு, பல இடங்களில் அப்படியே எழுதியும் வைத்திருக்கிறார்கள். தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வந்துவிட்டது. தரங்கம்பாடிக்கு உள்ள பெருமை வேறு, அதுவே போதுமான அளவு பெரியது. இந்திய மொழி ஒன்றில் முதன்முதலாக பைபிளின் புதிய ஏற்பாடு முழுசாக அச்சானது இங்கேதான். நற்செய்திகள் 1714இல், மீதி 1715இல்.

அந்த அச்சுக்கூடம் வந்த கதை தனி. இங்கிருந்த மிஷனரிகளுக்காக லண்டனிலிருந்து அனுப்பிய அச்சு எந்திரம் வந்த கப்பலைப் பிரேசில் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். கூட வந்த அச்சடிப்பவர் வழியிலேயே இறந்துபோனார். 1712இல் எந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் மிகவும் பெரியவை. அதில் அடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. அதனால் பொறையாரிலேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். அதற்கான ஈயம், இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களை உருக்கி எடுத்தது. காகித ஆலைகூட வைத்துப் பார்த்தார்கள். ஒரு சின்னக் கடலோர ஊரில் எழுத்து வார்ப்பு, அச்சு, காகிதம் மூன்றையும் செய்ய முயன்றார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் பிரமிப்புதான்.

இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் தேவாலயம் இங்குள்ள சீயோன் ஆலயமா?

சீயோன் ஆலயம் 1701இல் வந்தது. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680. கணக்கு அவ்வளவுதான். ‘முதல்’ இல்லாவிட்டாலும் சீயோன் ஆலயம் போய்ப் பார்க்க வேண்டிய இடம்தான். இன்றும் வழிபாடு நடக்கிறது, ஞாயிறு காலையில் கேமராவோடு உள்ளே நுழையாதீர்கள்.

சீகன்பால்க் என்று எங்கே பார்த்தாலும் பெயர் வருகிறதே, அவர் யார்?

பர்த்தலோமேயு சீகன்பால்க், கிறிஸ்தவ மதத்தைப் பரப்ப வந்த மிஷனரி, ஜெர்மனியின் சாக்சனிப் பகுதிக்காரர். 1706 ஜூலை 9 அன்று ஹென்ரிக் புளுட்சோவோடு இங்கே கரையிறங்கினார், அந்த இடத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. டேனிஷ் அரசன்தான் அனுப்பிவைத்தான் என்றாலும், இங்கே இருந்த டேனிஷ் கவர்னருக்கு அவரைக் கண்டாலே ஆகாது, நாலு மாதம் கோட்டையில் அடைத்தும் வைத்தார். 1719இல் இறந்தபோது சீகன்பால்குக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. கல்லறை புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளே இருக்கிறது. அவர் வாழ்ந்த வீட்டை 2017இல் அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள், நன்றாகச் செய்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள்.

அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது யார்? அவர்கள் பெயரை ஏன் யாரும் சொல்வதில்லை?

இந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. முதல் ஆசிரியர் எழுபது வயதைத் தொட்ட ஒரு திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார். தன் பள்ளியையே சீகன்பால்க் இருந்த வீட்டுக்கு மாற்றிக்கொண்டு வந்தார். இருபத்துச் சொச்சம் வயதுள்ள ஜெர்மன்காரர் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலைப் பரப்பி, விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். வாத்தியாருக்கு வேற்று மொழி தெரியாது, அதனால் சீகன்பால்க் அழகப்பன் என்பவரையும் வைத்துக்கொண்டார். கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அவர், போர்த்துகீசியம் நன்றாகத் தெரியும். சீகன்பால்க் எழுதிய தமிழுக்கும் தமிழர் வழக்கங்களைப் பற்றி ஐரோப்பாவுக்கு எழுதி அனுப்பியதற்கும் பின்னால் இப்படிப்பட்டவர்களின் அறிவு இருக்கிறது. அவர் சேர்த்த ஓலைச்சுவடிகளும் ஊர்ப் புலவர்களிடமிருந்தும் வாத்தியார்களிடமிருந்தும் வந்தவைதானே.

அப்புறம் கடலூர்க்காரரான ஆரோன். 1733இல் இங்கே குருப்பட்டம் பெற்றார், இந்தியர்களில் புராட்டஸ்டண்ட் சபையில் அந்தப் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர். கிறிஸ்தவப் பாடல்கள் எழுதிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இளமையில் படித்தது இங்கே. தமிழின் முதல் நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை இங்கே முன்சீப்பாக இருந்திருக்கிறார். கிரீட முத்திரைக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதியாவது இவர்களுக்கும் கிடைக்க வேண்டும். கோட்டை வாசலில் அழகப்பன் பேரில் தமிழில் ஒரு பலகை வைத்தால் என்ன?

இதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து துணியோடும் மற்ற சரக்கோடும் மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றி அனுப்பினார்கள். பஞ்சகாலத்தில் விற்கப்பட்டவர்களும் தங்களைத் தாங்களே விற்றுக்கொண்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். கோட்டையின் அழகைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது நியாயம் இல்லை.

மீனவர்களுக்கும் இந்த வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம்?

நல்ல துறைமுகம் என்று பேர் வாங்கிய இந்த ஊரில் கப்பல் வந்து அணையும்படி ஆழமான கரை கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தது இந்தக் கரையின் படகோட்டிகள். அவர்கள் வரமாட்டேன் என்றால் வியாபாரமே இல்லை.

இன்னொரு சம்பந்தமும் உண்டு. கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற மிஷனரி இங்கே இருந்தபடி மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த மீன் ஆய்வாளர் பிளாக்குக்கு அனுப்பினார். பிளாக் ஒரு மீன் பேரினத்துக்கே அவர் பெயரை வைத்தார், ‘ஜானியஸ்’ என்று. நம்ம ஊர்க் கத்தாளை மீன்களில் பல அந்தப் பேரினம்தான். ஜான் கடலுக்குப் போய்ப் பிடித்திருக்க மாட்டார், மீனவர் கொண்டுவந்து கொடுத்ததைத்தான் அனுப்பியிருப்பார். டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீனைத் தன் கையால் பிடித்ததாக லண்டனுக்கு எழுதினார். அது நம்ம பனையேறிக் கெண்டை. அந்த மீன் ஈரத்தில் தரையில் ஊர்ந்து போகும் என்பது உண்மை, மரமேறும் விஷயத்தில் விஞ்ஞானிகள் ரொம்ப நாள் சண்டை போட்டார்கள். நாம் வைத்த பெயரிலேயே பனை இருக்கிறது.

டேனியர்கள் ஏன் போனார்கள்?

லாபம் இல்லை. நெப்போலியன் போர்க் காலத்தில் ஆங்கிலேயர்கள் 1801லும், 1808 முதல் 1815 வரையிலும் ஊரைப் பிடித்து வைத்திருந்தார்கள், அதோடு வணிகம் படுத்துவிட்டது. 1845இல் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். பிறகு ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது, வியாபாரமும் அங்கே போனது. ஊர் அப்படியே நின்றுபோனது. பழைய வீதிகள் இடிபடாமல் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம். கோட்டை பயணியர் விடுதியாக இருந்தது, 1978இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கைக்கு வந்தது.

கடற்கரையில் ஓசோன் அதிகம், உடம்புக்கு நல்லது என்கிறார்களே?

தரைமட்டத்தில் ஓசோன் அதிகமானால் அது நுரையீரலுக்குக் கெடுதல். காற்று நன்றாக இருக்கிறது, காலாற நடங்கள், அதற்கு ஓசோன் வேண்டாம்.

சுனாமியில் என்ன ஆனது?

2004 டிசம்பர் 26 அன்று கோட்டை நின்றது, மீனவர் குடியிருப்பு போய்விட்டது. நிறைய உயிர் போனது. பெரிய பகுதி மக்கள் உள்ளே தள்ளிக் கட்டிய புது வீடுகளுக்குக் குடிபோனார்கள். அன்றைக்குப் பிறகுதான் இந்த ஊரின் பழைய வீடுகளையும் காப்பாற்ற வேண்டும் என்று வெளியிலிருந்து பணமும் ஆட்களும் வந்தார்கள், தட்டார் தெருவில், பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு சில வீடுகளைப் பழைய முறையிலேயே சீரமைத்தது. வருஷா வருஷம் அந்த நாளில் இந்தக் கரை முழுக்க மீனவர்கள் கடலுக்குப் போக மாட்டார்கள், கடலில் பாலும் பூவும் விட்டு அஞ்சலி செலுத்துவார்கள். சுற்றுலா வந்த இடத்தில் அதைப் பார்க்க நேர்ந்தால் செல்போனை உள்ளே வையுங்கள்.

மிச்சம் இருப்பதையும் கடல் கொண்டுபோய்விடுமா?

இந்தக் கரையில் மணல் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். குறுக்கே கல்லைப் போட்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு மெரினா அகலமானதும் ராயபுரம் பக்கம் கரை கரைந்ததும் இதனால்தான். தரங்கம்பாடியில் இப்போது புது மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. மீனவர்களுக்கு அது தேவை, படகைப் பத்திரமாக நிறுத்த இடம் வேண்டாமா. ஆனால் அதன் இருபக்கமும் கரை எப்படி மாறுகிறது என்று அளந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கோயில் பக்கம் முக்கியமாக. பாறை கொட்டிவிட்டோம், வேலை முடிந்தது என்று விடமுடியாது.

எங்கள் வீடும் பழைய வீடு. சுவர் உதிர்கிறது, சிமெண்ட் பூசிவிடலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். அந்தச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தது. கீழேயிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே ஆவியாகிவிடும். மேலே சிமெண்ட்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். நம்ம ஊர் ஈரத்தில் உப்பு உண்டு, அது பூச்சுக்குப் பின்னால் பூத்து நிற்கும், செங்கல் உள்ளுக்குள்ளேயே மாவாக உதிரும். மூணு நாலு வருஷத்தில் பூச்சு பாளமாகக் கழன்று விழும்போது அதோடு செங்கல்லின் முகமும் சேர்ந்து வரும். சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறவைத்துப் பதமாக்கி, மணல் சேர்த்துப் பூசுவதுதான் சரி. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் சேர்க்கிற கொத்தனார்கள் இப்போதும் இந்தப் பக்கம் கிடைப்பார்கள், கூலி கூடத்தான் ஆகும், வேலை மெதுவாகத்தான் நடக்கும். திண்ணைத் தூணுக்கு எனாமல் பெயிண்ட் அடிப்பதையும் நிறுத்துங்கள், எண்ணெய் போதும். திண்ணையை இடித்துவிட்டு ஷட்டர் போடுவதைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

புயலுக்குப் பிறகு கடற்கரையில் பழைய காசு கிடைத்தது. என்ன செய்வது?

கிடைக்கும். டேனியர்கள் இங்கேயே ஈயத்திலும் செம்பிலும் காசு அடித்தார்கள், அலை மணலை அரித்துக்கொண்டு போகும்போது மேலே வரும். எலுமிச்சம்பழமோ புளியோ போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். எந்த இடத்தில், எந்தத் தேதியில் கிடைத்தது என்று எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள். புதையல் சட்டம் 1878இல் போட்டது, இன்றும் அமலில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடமோ தாசில்தார் அலுவலகத்திலோ சொன்னாலும் மேலே போய்ச் சேரும். கோட்டை அருங்காட்சியகத்தில் காட்டினால் என்ன காசு என்று சொல்வார்கள். எழுத்துள்ள கல்லாக இருந்தால் இடத்தைவிட்டு நகர்த்தவே கூடாது, துணி துவைக்கப் போட்ட கல்லாக இருந்தாலும் சரி, முதலில் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.